யாருடைய வலி

இறுதியாண்டு மருத்துவ மாணவி முபீனா, நோவேந்திக் கருவியின் பட்டையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டாள். அதன் இணைப்பட்டை, கட்டிலில் சாய்ந்திருந்த உப்பளத் தொழிலாளி ஞானசெல்வத்தின் கையில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் அவளது வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி முறுக்கி எழுந்து தோள்பட்டைவரை போனது. பித்தப்பைக் கல். சந்தேகமே இல்லை.

நோயாளியின் வலியில் பத்தில் ஒரு பங்கை மருத்துவரின் உடம்பில் இறக்கும் அந்தக் கருவி அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. "எங்கே வலிக்குது?" என்ற கேள்வியே வார்டுகளிலிருந்து மறைந்துபோயிருந்தது. இறுதித் தேர்வில் நோயாளியிடம் பேசினால் ஐந்து மதிப்பெண் குறையும். "வாய் பொய் சொல்லும், வலி சொல்லாது" என்பார் பேராசிரியர் தேவநாயகம். இப்போதும் கையில் தேர்வுத்தாளுடன் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பட்டையைக் கழற்றப்போனவள் நின்றாள். இடது கெண்டைக்காலில் இன்னொரு வலி, ஆழமாக, கடுகடுவென்று. நான்கு மாத வார்டுப் பயிற்சியில் நாளுக்கு முப்பது பேரின் வலியை வாங்கி வாங்கி அவளுக்குப் பழகிவிட்டது. தன் உடம்பில் எது தோன்றினாலும் அது எதிரில் படுத்திருப்பவருடையதுதான்.

"பித்தப்பைக் கல் சார். கூடவே இடது காலில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க உடனே ஊசி போடணும்."

"எனக்கா?" ஞானசெல்வம் பதறி எழுந்தான். "எங்காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு!"

"பேசக்கூடாது" என்றார் பேராசிரியர்.

"பேசாம எப்படிய்யா? நாளைக்கு ஆபரேசன்னு சொல்லிருக்காக. ரத்தம் நிக்காம போயிட்டா? டாக்டரம்மா, இந்தப் பட்டையக் கட்டுன பெறவுதான் எனக்குக் கெண்டைக்கால் கடுக்கு. கழட்டுனா போயிருது. இந்தா பாருங்க." அவன் பட்டையைக் கழற்றிக் காட்டினான். "இது ஒங்க வலி."

மதிப்பெண் போனால் போகட்டும் என்று முபீனா கேட்டுவிட்டாள். "எங்களோட வலி உங்களுக்கும் வருதாண்ணே? இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அவள் குனிந்து தன் இடது காலைத் தொட்டுப் பார்த்தாள். மறுகாலைவிடத் தடித்திருந்தது, சூடாக இருந்தது. தேர்வு விடுமுறையில் மூன்று வாரம் நாற்காலியை விட்டு எழாமல் படித்தது நினைவுக்கு வந்தது. அவன் பட்டை கழன்றதும் விலாவில் இருந்த வலி அடங்கிவிட்டது. காலில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

தேவநாயகமே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஸ்கேன் அறையில் படத்தைப் பார்த்தவர் அதை அவள் பக்கம் திருப்பினார். "நோய் சரிம்மா" என்றார். "நோயாளிதான் தப்பு."

ஊசி அவளுக்குப் போடப்பட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார்கள். ஐந்தாம் நாள், அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்த ஞானசெல்வத்தின் கட்டிலுக்கு முபீனா மெல்ல நடந்து வந்தாள். சொல்லவேண்டியதை எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவன் கையைப் பிடித்ததும் அழுகைதான் வந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

"நான் என்ன செஞ்சிட்டேன், வலிச்சதச் சொன்னேன். ஒக்காருங்க, கால நீட்டி ஒக்காருங்க."

அந்த மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து ஆணை வந்தது. இனி மருத்துவர்கள் பணிக்குச் செல்லுமுன் நோயாளி ஒருவரோடு பட்டை கட்டிக்கொண்டு, தங்கள் உடம்பில் குறை இல்லை என்று அவர் சொல்லக் கேட்டபிறகே வார்டுக்குள் நுழையவேண்டும்.

தையலைக் காட்டிப்போக வந்த ஞானசெல்வத்தைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அவன் முன்னால் வெள்ளைக் கோட்டுகளின் வரிசை வராந்தா முனைவரை நீண்டிருந்தது. ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, சாப்பிட்டார்களா என்று கேட்டு அனுப்பினான். தேவநாயகத்தின் முறை வந்தது. வரிசையில் நின்றே வந்தவர், முக்காலியில் அமர்ந்து கையை நீட்டினார்.

பட்டையைக் கட்டிய ஞானசெல்வத்தின் முகம் மாறியது. அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயா, இத எத்தன நாளா யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கீக?"

பேராசிரியர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "யாரும் கேக்கலப்பா" என்றார்.