டிஸ்கில் இல்லாத இடம்

துடைத்த டிஸ்க் திறந்தது.

றுகையா அதை வெளியே எடுத்து, உறையில் தானே பென்சிலால் போட்டிருந்த சரி அடையாளத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே செருகினாள். கொம்பியூட்டர் கரகரத்தது. திரையில் பழைய கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பச்சை எழுத்தில் இறங்கின. முந்தாநாள் உள்ளிருந்ததை அழித்துத் துடைத்த டிஸ்க் இது. திறக்கக் கூடாது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் திறந்தது.

மாரி மழை கூரைத் தகரத்தில் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. கீழே, ஊருக்கே அண்ணனான காலிதீன் காக்காவின் சாறன் கடையிலிருந்து புதுத் துணியின் கஞ்சி மணமும், ஈரச் செருப்புகளின் மணமும், யாரோ பற்றவைத்த சுருட்டின் மணமும் மரப்படி வழியே ஏறி வந்து, அந்தச் சின்ன மேல்மாடி அறையில் இயந்திரத்தின் சூட்டோடு கலந்து தங்கியிருந்தன. அவளுக்குக் கண் எரிந்தது. நல்ல தூக்கம் தூங்கி மாதங்கள் ஆகியிருந்தன.

காலிதீன் காக்கா சவூதியில் உழைத்துவிட்டுத் திரும்பியபோது இந்தக் கொம்பியூட்டரையும் கொண்டுவந்திருந்தார். கல்முனையில் கடைக்கு மேலேயே வகுப்பு நடத்துவது அவருடைய எண்ணம். மூடப்பட்ட ஏதோ ஒரு காரியாலயத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய டிஸ்குகளை மலிவாக வாங்கியிருந்தார். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயாராக்குவது றுகையாவின் வேலை. விஞ்ஞானப் பட்டம் பெற்று வீட்டில் இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. ஒரு டிஸ்கை முழுதாகப் புதுப்பிக்க நேரம் எடுக்கும், அதற்குள் கரண்ட் போய்விடும். அதனால் சவூதியில் ஒரு கூட்டாளி எழுதிக் கொடுத்த சின்னக் கட்டளை ஒன்றை அவர் காட்டித் தந்திருந்தார். கறுத்த திரையில் அதன் பெயரை அடித்தால், எத்தனையாம் இடத்தைத் துடைக்க என்று கேட்கும். சொன்னால் துடைத்துவிட்டு, முடிந்தது என்று ஒரு வரி போடும். அவ்வளவுதான். இந்த மூன்று நாளில் பெட்டி முழுவதையும் துடைத்துவிட்டாள்.

படியில் காலடி கேட்டது.

"என்ன புள்ள, டிஸ்க்கு உன்னோட கோவமா? மூஞ்ச இப்பிடி வெச்சிக்கிட்டு இரிக்காய்?"

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார் காலிதீன் காக்கா.

"துடைச்சதெல்லாம் திறக்குது காக்கா."

"திறக்காதே. எங்க, ஒருக்கா செஞ்சி காட்டு."

அவள் கட்டளையை அடித்தாள். எத்தனையாம் இடம் என்று அது கேட்டது. யோசிக்காமலே விரல்கள் அடித்தன: 786.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட அல்லாஹ்வே! இதென்ன கலியாணக் காட்டா புள்ள, தலைப்பில எழுநூத்தி எம்பத்தாறு போட? நான் சைபரெல்லவா அடிக்கச் சென்னன்?"

றுகையாவுக்கு முகம் சுட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் கொப்பியிலிருந்து, ஒவ்வொரு பக்கத்தின் மேலும், ஒவ்வொரு கடிதத்தின் மேலும், பல்கலைக்கழகப் பரீட்சையில் கணக்குப் போட்டுப் பார்த்த தாளின் மேலும்கூட, அல்லாஹ்வின் பெயரால் என்ற பிஸ்மிக்குப் பதிலாக அந்த எண்ணை எழுதிவிட்டுத்தான் அவள் தொடங்குவாள். ஊரில் கடைச் சிட்டையிலிருந்து லொறி நெற்றி வரை அது இருக்கும். வெறும் திரை முதலில் கேட்டபோது கை தன் பாட்டில் அதை எழுதிவிட்டது. ஒவ்வொரு டிஸ்குக்கும்.

காலிதீன் காக்கா குனிந்து சைபர் அடித்தார். இப்போது அதே டிஸ்கைத் திறக்கச் சொன்னபோது இயந்திரம் இரண்டு தரம் முனகிவிட்டு, இது என்னவென்று தெரியவில்லை என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது.

"பாத்தியா? உள்ள ஈந்ததெல்லாம் அப்பிடியே இரிக்கி. ஒரு எழுத்தும் போகல்ல. தலையில ஈந்த அடையாளம் மட்டும்தான் போச்சி. இனி இது என்னெண்டு மெசினுக்கு வெளங்காது."

"அப்ப நான் அடிச்ச இடம்?"

"இந்த டிஸ்கில மொத்தமே எழுநூத்தி இருவது இடம்தானே. அதுக்கு அங்கால ஒண்டும் இல்ல."

"ஒவ்வொரு தரமும் முடிஞ்சிது எண்டு வந்திச்சே காக்கா."

"வந்திச்சா?" தாடியைச் சொறிந்தார். "அப்ப எதத்தான் துடைச்சிச்சாம்?"

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

படியில் அவருடைய காலடி தேய்ந்த பிறகுதான் றுகையாவுக்கு அது உறைத்தது. அவர் பக்கத்தில் நின்றபோது தாடியைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். வெற்றிலைச் சாறு ஊறிய உதட்டைப் பார்த்தாள். ஆனால் அவர் காலிதீன் காக்கா என்பதைக் குரல்தான் சொல்லியிருந்தது. பார்த்தவை ஒன்றோடொன்று சேரவே இல்லை.

களைப்பு, என்று தனக்குள் சொன்னாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. முதல் நாள் வந்தபோது அதிலிருந்த படத்தைப் பார்த்து அழகு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அங்கே நீலம் இருந்தது, வெள்ளைக் கோடுகள் இருந்தன, மண்ணிறத்தில் ஏதோ ஒன்று சரிந்து கிடந்தது. கீழே அச்சடித்திருந்த எழுத்துகளை வாசிக்க முடிந்தது. படம் எதனுடையது என்று மட்டும் தெரியவில்லை.

எழுந்து பையை எடுத்தாள்.

"மழ வலுக்குது புள்ள, கொட இரிக்கா?" என்றது கடை வாசலில் ஒரு குரல். பக்கீர் முகைதீன், கடையில் துணி அளப்பவர். தலை நிமிராமல் "ஓம்" என்றாள்.

பஸ்ஸுக்குள் ஈரமும் மீன் மணமும் நெரிசலும். ஜன்னல் கண்ணாடி புகை பிடித்ததுபோல் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் கழுத்துக்கு மேலே அவள் பார்க்கவில்லை. ஒருமுறை பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்தாள். பெயரை வாசித்தாள். சரியாக இருந்தது. படத்தில் முக்காடு இருந்தது. இரண்டு கண்கள் இருந்தன. அவ்வளவுதான்.

மருதமுனைச் சந்தியில் இறங்கும்போது, ஒவ்வொரு தரமும் திரை போட்ட முடிந்தது என்ற வரி அவளுக்கு நினைவு வந்தது. உம்மாவை நினைத்தாள். தம்பியை நினைத்தாள்.

தம்பி றஸாக் மே மாதம் சாறன் விற்கப் பொத்துவிலுக்குப் போனவன். அவன் வரவேண்டிய பஸ் வந்தது. அவன் வரவில்லை. வழியில் நிறுத்தி இறக்கினார்கள் என்றார்கள், யார் என்று சொல்லவில்லை. உம்மா சரீபாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் தெரியும். யாரோ வீட்டு ஆட்களின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கவைத்து உள்ளே வருகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதனால் உம்மா ஒரு முறை வைத்திருந்தாள். "கொரல நம்பாத மகள். நீ மூஞ்சப் பாத்து செல்லு. நீ செல்லாம நான் கொண்டி களட்ட மாட்டன்." ஒவ்வொரு அந்தியும் அவள் கதவுக்குப் பக்கத்தில்தான் பாயைப் போடுவாள். றுகையாவின் கண்ணை நம்பித்தான் அந்தக் கதவு இருந்தது.

வீட்டில் கரண்ட் இல்லை. உம்மா அந்தி மஃரிபு தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயிலேயே இருந்தாள். குப்பி விளக்கு எரிந்தது.

"மகளா?"

"ஓம் உம்மா."

"ஏன் கொரல் ஒரு மாதிரி? காய்ச்சலா?"

"இல்ல. களைப்பு."

விளக்குக்கும் உம்மாவுக்கும் நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு ஈரப் புடவையைப் பிழிந்தாள். திரும்பவில்லை. திரும்பினால் உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். கூரை ஒழுகி ஒரு சட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மழை. கடல் இரைச்சல். சட்டிக்குள் சொட்டு.

வேலிப் படலை கிரீச்சிட்டது.

முற்றத்துச் சேற்றில் கால் புதைந்து எழும் ஓசை. மெதுவாக. வாசலில் நின்றது.

கதவில் தட்டல்.

"ராத்தா."

அக்காவைக் கூப்பிடும் கரகரத்த குரல். தொண்டை கட்டிய எந்தப் பொடியனின் குரலாகவும் இருக்கலாம்.

உம்மா எழுந்துவிட்டாள். கை சுவரைத் தடவியது. "றஸாக்கா? மகள், நம்மட றஸாக்கா? பாரு. கெதியா பாரு."

றுகையா விளக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஒரு பலகையை நீக்கினாள்.

அவன் மிக அருகில் நின்றான். விளக்கை உயர்த்தினாள். நெற்றி. நெற்றியில் ஒட்டிய மயிர். இரண்டு கண். மூக்கு. பிளந்த உதடு. நாடியில் ஒரு வடு. தம்பிக்கும் நாடியில் வடு இருந்தது, சின்ன வயதில் தறியில் மோதியது. இது வடு. யாருடைய வடு?

மறுபடி பார்த்தாள். நெற்றியிலிருந்து. கண். மூக்கு. எல்லாம் இருந்தன. முகம் இல்லை.

"ராத்தா, நான்தான்."

"செல்லு மகள்." உம்மாவின் கை கொண்டியில் இருந்தது. "ஏழு மாசம், மகள். அவனெண்டா அவனெண்டு செல்லு. இல்லாட்டி இல்லயெண்டு செல்லு."

இல்லை என்று சொன்னால்? மழைக்குள் திரும்பிப் போவது தம்பியாக இருந்தால்?

அவளுக்கு மிகவும் களைப்பாக இருந்தது.

"ஓம் உம்மா," என்றாள். "றஸாக்தான்."

கொண்டி கழன்றது. காற்று உள்ளே வந்தது. உப்பு மணம். ஊறிய மண்ணின் மணம். உம்மா வாய்விட்டு அழுதுகொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் குனிந்து கொடுத்தான்.

உம்மாவின் விரல்கள் அவன் நெற்றியில் விழுந்தன. புருவத்துக்கு இறங்கின. மூக்கு. உதடு. வடு.

நின்றன.

மறுபடி நெற்றிக்குப் போயின. புருவம். மூக்கு. மெதுவாக. இன்னும் மெதுவாக.

உம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

"மகள்," என்றாள். "இது ஆரு?"

விரல்கள் மறுபடி நெற்றியிலிருந்து தொடங்கின. அவனுடைய ஈரக் கைகள் உயர்ந்து, உம்மாவின் முதுகைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டன. உம்மாவின் தோளுக்கு மேலாக, உள்ளே வந்த அது றுகையாவின் பக்கம் திரும்பியது. உதடுகள் விலகின.

"ராத்தா," என்றது. "கதவச் சாத்துங்க."