ரீச்சரிடம் சொல்லிக்கொண்டு வந்தவன்

கிருஷாந்தின் தலையணையில் ஓடிக்கொலோன் வாசம் இருந்தது.

உறை தோய்த்த தண்ணீரின் வாசமாக்கும் என்று ஆரபி முதலில் நினைத்தாள். வாடகைக்கு எடுத்த வீடு, யார் எதைத் தெளித்தார்களோ. தன் தலையணையை முகர்ந்து பார்த்தாள். சவர்க்காரமும் வெயிலில் காய்ந்த துணியும் மணத்தன, அவ்வளவுதான். திரும்பவும் அவனுடையதை முகர்ந்தாள். குளிர்ந்த, தித்திப்பான, மூக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற அந்த வாசம் தலையணையில் மட்டுமில்லை, குப்புறப் படுத்துக் கிடந்தவனின் பிடரியிலும் இருந்தது. நேற்று மணற்காட்டிலிருந்து வந்ததும் ஒருதரம், சாப்பிட்ட பிறகு ஒருதரம் என்று கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்த மனுஷன். சவர்க்காரக் கட்டி பாதியாகிவிட்டது. பிறகும் இது எப்படி?

அந்த வாசத்தை எங்கே முகர்ந்தோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்றுக் கரவெட்டியில், ஒரு பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில்.

இருவரும் டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவர்கள். கலியாணம் முடித்து இன்னும் வருடம் திரும்பவில்லை. தாய் தகப்பன் கதை கதையாய்ச் சொன்ன ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பி வந்து, கொழும்புத்துறையில் கடலைப் பார்த்தபடி இருந்த இந்த வீட்டைப் பிடித்து, குருநகர் வின்சன்ற் அண்ணையின் ஓட்டோவையும் பேசிக்கொண்டார்கள். நல்லூர், கீரிமலை, நிலாவரைக் கிணறு என்று நாட்கள் சோக்காகத்தான் போயின. நின்ற இடமெல்லாம் படம் எடுத்தார்கள். வெயிலில் கறுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஆரபிக்குத் தன் புருஷன்மேல் இன்னும் கொஞ்சம் ஆசை கூடிப்போன நாட்கள் அவை.

நேற்று மணற்காட்டுக்குப் போகிற வழியில், கரவெட்டியில் ஒரு ஒழுங்கை முகப்பில் வின்சன்ற் ஓட்டோவை ஓரம் கட்டினார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. எனக்குப் படிப்பிச்ச ரீச்சர் மோசம் போயிட்டா. ஒருக்கால் முகம் பாத்திட்டு ஓடி வாறன்."

"நாங்களும் வாறம் அண்ணை," என்றான் கிருஷாந். "வாசல் மட்டும் வந்திட்டு உள்ளுக்கை வராமல் நிக்கிறது மரியாதை இல்லை."

அதுதான் கிருஷாந். அவனுடைய தாய் அப்படி வளர்த்து வைத்திருந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் பெரியவர்களுக்குக் கை கூப்ப வேண்டும். எழும்பும்போது வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து "போட்டு வாறன்", அதாவது போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தால் வீட்டில் காது திருகப்படும். ஆனால் ஒன்றை மட்டும் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குத் தேவை வந்ததில்லை. அந்த நாட்டில் சாவு என்றால் ஆஸ்பத்திரி, ஒரு மண்டபம், கொஞ்சம் பூ, பிறகு ஆளாளுக்குக் கார். செத்த வீடு என்ற ஒன்றை அவன் கண்டதே இல்லை.

முற்றத்தில் பறை முழங்கியது. கூடத்தில் சாம்பிராணிப் புகைக்குள் யாரோ ஒரு பெண் ஓடிக்கொலோன் போத்தலை உதறி உதறித் தெளித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் மீனாம்பிகை ரீச்சர். ஐம்பது தாண்டிய முகம், எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, உடம்பெல்லாம் சிவப்புக் கூறைச்சேலை, கை நிறையக் கண்ணாடி வளையல். ஆரபி அந்தச் சேலையையே பார்த்தாள். தன் கலியாணத்துக்கு அவள் உடுத்த அதே நிறம்.

"கலியாணத்துக்கெண்டு வாங்கினது," என்றார் ரீச்சரின் தமையன் நாகலிங்கம், கேட்காமலேயே. "பேசி முடிச்ச மாப்பிளை வெளிநாடு போனவர். இந்த வாசலிலை நிண்டு போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். இவ பாத்துக்கொண்டே இருந்தவ. வாசல் லைற்றை ஒரு நாளும் நூக்க விடமாட்டா, இரவு பகல் எரியவேணும். வாறவருக்கு இருட்டிலை வீடு தெரியவேணுமாம்."

உண்மைதான். பட்டப்பகலில், வாசல் நிலைக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

புறப்படும்போது வின்சன்ற் பேசாமல் எழும்பி வெளிவாசல் படலைப் பக்கம் நடந்தார். ஆரபியும் நடந்தாள். கிருஷாந் மட்டும் பெட்டிக்கு அருகே போனான். வீட்டுக்காரி அவதானே. குனிந்து, கை கூப்பி, அந்த முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னான்.

"போட்டு வாறன், ரீச்சர்."

ஒப்பாரி நின்றது. காற்றாடியின் கிறீச்சு மட்டும் கேட்டது. தமையன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓட்டோவில் ஏறியதும் வின்சன்ற் சொன்னார். "தம்பி, செத்த வீட்டிலை உப்பிடிச் சொல்றேல்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வாறதுதான். ஆருக்குத் தெரியாதெண்டு நான் முன்னமே சொல்லேல்லை, என்ரை பிழை." பிறகு, பாதி தனக்குத்தானே, "ரீச்சருக்குச் சொன்ன சொல் மாறினவையைக் கண்ணிலை காட்டேலாது," என்றார்.

அவர்கள் சிரித்தார்கள். ஆரபிதான் கூடுதலாகச் சிரித்தாள்.

தலையணையை முகர்ந்த அன்று பின்னேரம் காரைநகர்க் கடற்கரை. அலையே இல்லாத அந்தக் கடலுக்குள் முழங்காலளவு இறங்கி நின்ற சனம் முழுக்க மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் பழுத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. கிருஷாந் ஒருவன் மட்டும் கடலுக்கும் சூரியனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சவுக்குமரங்களுக்கு மேலே இருட்டிக்கொண்டு வருகிற கிழக்கைப் பார்த்து நின்றான். கரவெட்டி அந்தப் பக்கம்தான் என்பது ஓட்டோவில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்ன பாத்தனீங்கள்?"

"லைற் போட்டாச்சோ எண்டு."

"எந்த லைற்?"

காற்று முகத்தில் அறைந்தது. உப்பு வாசம், கருவாட்டு வாசம், அவற்றுக்கெல்லாம் அடியில் ஓடிக்கொலோன்.

வீட்டுக்கு வந்து அவனுடைய தொலைபேசியில் அன்றைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் அவளைத்தான் எடுத்திருந்தான். ஆனால் ஒரு படத்திலும் அவள் நடுவில் இல்லை. ஓரத்தில் நின்றாள். சில படங்களில் தோள் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு, வெறும் மணலும் கடலும். முதல் நாட்களின் படங்களைப் பார்த்தாள். அவற்றில் அவள் நடுவில்தான் நின்றாள்.

"இதென்ன கிருஷ், என்னை ஓரத்திலை விட்டு எடுத்திருக்கிறீங்கள்?"

"நீர் கொஞ்சம் தள்ளி நிண்டாத்தானே எல்லாரும் வரலாம்," என்றான் அவன், பகிடி எதுவும் இல்லாமல்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் கடைசி நாள். அடுத்த நாள் விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வான் வண்டி வரும். ஆரபி இரண்டு பெட்டிகளையும் இழுத்துக் கட்டிலில் போட்டாள். அவனுடையது வெறுமையாக இருந்தது. அலுமாரியைத் திறந்தாள். அவன் சேட்டுகள் எல்லாம் தோய்த்து மடித்து, தங்கி இருக்க வந்தவனுடையவை மாதிரி ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"அடுக்கேல்லையே?"

"சொல்லிப்போட்டு வந்தனான், ஆரபி. போகாமல் எப்பிடி பிளேன் ஏறுறது?" குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிற பிள்ளையின் பதற்றம்தான் இருந்தது. "பிந்தினா அவவுக்குப் பிடிக்காது."

இவனை எப்படியாவது அந்த விமானத்தில் ஏற்ற வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கோயிலும் வேண்டாம், கடலும் வேண்டாம், இந்த ஊரே வேண்டாம். இவனை ஏற்றிவிட்டால் போதும்.

பக்கத்து வளவில் குடியிருந்த வீட்டுக்காரி மரியநாயகி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆரபி வேலியடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

மரியநாயகி கத்தியைக் கீழே வைத்தாள். "கிறிஸ்தவமோ சைவமோ, செத்த வீட்டிலை ஒருத்தரும் உந்தச் சொல்லைச் சொல்லமாட்டினம், பிள்ளை. வந்து தலை முழுகினனீங்களோ?"

"இல்லை அன்ரி. மணற்காடு பாத்திட்டு, பிறகுதான்..."

மரியநாயகி கையைக் கழுவினாள். "செய்த பிழையைச் செய்த இடத்திலைதான் தீர்க்கவேணும். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கொஞ்ச நேரம் இருந்திட்டு, வாய் திறக்காமல் எழும்பி வாங்கோ. போன முறை செய்திருக்கவேண்டியதை இந்த முறை செய்யுங்கோ. அவ்வளவுதான்."

ஆரபிக்கு அது நியாயமாகப் பட்டது. வெள்ளத்தில் போகிறவனுக்கு எந்தக் கொப்பும் நல்ல கொப்புத்தானே. போகப்போகிறோம் என்று சொன்னதும் கிருஷாந்தின் முகம் மலர்ந்தது. முகம் வழித்தான். வெள்ளைச் சேட்டுப் போட்டான். அவ்வளவு நாளும் அவளோடு ஊர் சுற்ற அவன் அப்படி வெளிக்கிட்டதில்லை.

வழியில் ஓட்டோ ஒருமுறை நின்று போனது. சில்லுக்குக் காற்றும் போனது. எல்லாம் சரிக்கட்டிக் கரவெட்டிக்குப் போய்ச் சேரச் செக்கல் பொழுதாகி இருட்டத் தொடங்கிவிட்டது.

"நான் உள்ளுக்கை வரேல்லை, பிள்ளை," என்றார் வின்சன்ற். "நீங்கள் போட்டு..." சொல்ல வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பந்தல் கழற்றியிருந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரைகள் மாமரத்தின் கீழ் அடுக்கிக் கிடந்தன. தமையனைக் காணவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு நாய் குரைக்கவில்லை. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. நிலைக்கு மேலே மஞ்சள் பல்பு.

செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கூடத்தில் ரீச்சரின் படம், முன்னால் குத்துவிளக்கு. திரி புதிதாகத் தூண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணீர், ஆவி பறக்க.

"அண்ணை," என்று ஆரபி கூப்பிட்டாள். "ஆரும் இருக்கிறீங்களோ?"

பின்பக்கக் கிணற்றில் வாளி ஒருமுறை இடித்தது. பிறகு ஒன்றுமில்லை.

கிருஷாந் போய் ஒரு கதிரையில் இருந்தான். எது தன்னுடையது என்று தெரிந்தவன் மாதிரி. ஒரு கோப்பையை எடுத்து மெல்லக் குடித்தான். அவளுக்கும் தாகமாக இருந்தது. மற்றதை எடுக்கக் கையை நீட்டினாள்.

"அது உமக்கில்லை," என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். விளக்கைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்ப, ஒருவரும் தொடாத அந்த மற்றக் கோப்பையைப் பார்த்தாள். அதில் தேத்தண்ணீர் பாதியாகியிருந்தது.

போதும். எழும்ப வேண்டும்.

அவன் கையைப் பிடித்தாள். ஈரம். குளிர். இழுத்தாள். அவன் எழும்பினான், மறுக்கவில்லை. அவள் வாய் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. கூடத்தைத் தாண்டினார்கள். நிலையைத் தாண்டினாள். செருப்பை மாட்டுவதற்காகக் கையை விட்டாள்.

நடந்தாள். திரும்பவில்லை. பின்னால் படியில் செருப்பு அசைகிற சத்தம் கேட்டது. வருகிறான். சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. மாமரம். கதிரைகள். படலை. அவ்வளவுதான். முடிந்தது. நாளைக்கு விமானம்.

படலையில் கை வைத்தபோதுதான் அது அவளுக்கு விளங்கியது.

அவன் இந்த வீட்டில் என்ன சொன்னான்? போட்டு வாறன் என்றான். இன்றைக்கு வந்துவிட்டான். சொன்ன சொல் மாறாமல் வந்துவிட்டான். முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கையைப் பிடித்து, இங்கே கொண்டுவந்து விட்டது அவள்தான்.

திரும்பினாள்.

கிருஷாந் நிலைக்கு உள்ளே நின்றான். அவனுடைய செருப்பு படியின் ஓரத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சோடி பெண்பிள்ளைச் செருப்பு. வரும்போது அது அங்கே இல்லை. அவன் கை கூப்பியிருந்தான். முகத்தில் சிரிப்பு. வந்துபோகிற ஆட்களை வாசல் மட்டும் வந்து வழியனுப்புகிற வீட்டுக்காரனின் சிரிப்பு.

"கிருஷ்," என்றாள்.

"போட்டு வாங்கோ," என்றான் அவன், அந்நிய ஆளுக்குச் சொல்கிற மரியாதையோடு.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கூறைச்சேலைத் தலைப்பு விழுந்த ஒரு கை நீண்டது. கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. அது சுவரைத் தடவி சுவிச்சைத் தேடிப்பிடித்து, வாசல் லைற்றை நூத்தது.