ஈயமே இல்லாமல்

அன்று காலை தண்ணீர் அவருடைய மூக்குவரை ஏறியது.

ஏறக் கூடாது. படகோரத்தில் நட்டுக்குத்தலாக மிதந்து, மூச்சை முழுக்க விட்டாலும் தண்ணீர் தாடையோடு நிற்க வேண்டும். நின்றால் இடுப்பு பெல்ட்டில் ஈயம் சரி, ஏறினால் அதிகம். பதினொரு வருடமாக ஆளை மேலே தூக்கும் அதே ரப்பர் உடை, அதை அமுக்க அதே நாலு கட்டி ஈயம், அதே தாடை. கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இதைப் பாடம் எடுத்தவர் பெரிய மாப்பிள்ளை. மூச்சடக்கி மூழ்கி மீன் குத்துவதில் அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம், சின்ன மாப்பிள்ளை வரும்வரை.

மச்சினியைக் கட்டிய அந்தச் சகலை, தையல் விட்ட உடையும் ரெண்டே கட்டி ஈயமுமாக இறங்கி, முதல் நாளே இடுப்புயர மீனோடு ஏறினான். அன்றிலிருந்து மாமனார் சாப்பாட்டு மேசையில் "ரெண்டே கட்டிதான்!" என்று சொல்லிச் சொல்லி மாய்கிறார். பெரியவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிடுவார்.

"என்ன மாப்ளே, அங்கயே நிக்கிறீங்க?" மாமனார் படகிலிருந்து குனிந்தார்.

"ஒரு கட்டியைக் குறைச்சுக்கலாம்னு பாக்குறேன் மாமா."

கழற்றிக் கொடுத்தார். மூச்சை விட்டார். தண்ணீர் கண்ணுக்கு வந்தது.

இன்னொன்றையும் கழற்றினார். புருவம்.

"அட, பெரியவரும் ரெண்டுக்கு வந்துட்டாரே!" என்றார் மாமனார்.

சகலை நீந்தி அருகில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஈயத்தை எடுக்க எடுக்க அமுங்குறீங்க. எனக்கு இது சரியாப் படலை. ஏறிடுங்க."

அந்த அக்கறைதான் அவருக்கு மிளகாயாய் எரிந்தது. "உனக்கு மட்டுந்தான் வருமா தம்பி?" என்றவர், பெல்ட்டையே உருவிப் படகுக்குள் எறிந்தார்.

"ஈயமே இல்லாம! சின்னவரே, நல்லாப் பாத்துக்கோங்க!" மாமனார் கைதட்டினார். அவருக்காக அந்த மனிதர் கைதட்டியது அதுவே முதல் தடவை. பெரியவர் மார்பு நிறைய மூச்சிழுத்துக்கொண்டு மூழ்கினார்.

வழக்கமாக முதல் பத்து மீட்டருக்குக் காலை உதைத்து உதைத்துக் கடலோடு மல்லுக்கட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் உடை நசுங்கிக் கடல் தானாக இழுக்கும். இன்றோ முதல் முழத்திலிருந்தே இழுத்தது, காதுக்குள் கூழாங்கற்கள் உரசுவதுபோல் ஏதோ நெறுநெறுக்க, பச்சை வெளிச்சம் மெல்லப் பழுப்பாகிக் குளிர் கழுத்து வழியாக முதுகுக்குள் ஊற, உதைக்காமலே, ஒரு விரல்கூட அசைக்காமலே போய்க்கொண்டிருந்தார். மேலே சகலை கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தான். அப்படித் தெரிவதில் ஓர் ஆனந்தம் இருந்தது.

காலில் மணல் பட்டது.

போதும், திரும்பலாம். உதைத்தார். குதிகால் எழவில்லை.

மறுபடி உதைத்தார். மணல் கணுக்காலுக்கு ஏறியது.

ஆபத்தென்றால் பெல்ட்டை அவிழ்த்துவிடு. அவரே எடுத்த பாடம். கை இடுப்புக்குப் போனது. துழாவியது. அவிழ்க்க எதுவும் இல்லை.

மேலிருந்து ஒரு நிழல் இறங்கியது. சகலை. கையைப் பிடித்து இழுத்தான்; அவரும் அவன் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். வரவில்லை. தன் பெல்ட்டை அவிழ்த்து உதறிவிட்டு இழுத்தான். அசையவில்லை.

அவன் மேலே காட்டினான். கயிறு கட்டுவதுபோல் விரலைச் சுற்றிக் காட்டினான். கையை விடுங்கள், கொண்டு வருகிறேன். கண்ணாடிக்குள் அவன் கண்கள் கெஞ்சின.

புரிந்தது. விட்டால் போதும். இவன் மேலே போவான். கயிற்றோடு வருவான். காப்பாற்றுவான். இன்று இரவே அந்த மேசையில் அதைச் சொல்வார்கள். நாளைக்கும். அடுத்த வருடமும். சின்னவர் இல்லேன்னா பெரியவர் ஏது. நினைக்க நினைக்க மணல் முழங்காலுக்கு ஏறியது.

நெஞ்சு ஒருமுறை துடித்து வெட்டியது. காற்றுக்கு.

விரல்கள் திறக்கவில்லை.

சகலை உதைத்தான். அவர் கையைக் கிள்ளினான். ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தான். பிரிந்த விரல் மறுபடி மூடியது. அவன் வாயிலிருந்து ஒரு குமிழி நழுவி மேலே போயிற்று. அவன் மட்டும் போகவில்லை; பிடித்த கை வழியாக அவருடைய கனம் அவனுக்குள்ளும் பரவியது. தக்கைபோல் எழும்ப வேண்டிய உடம்பு, இறகு விழுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, அவரை நோக்கி இறங்கிவந்தது.

பிறகு அவன் பாதங்களும் மணலைத் தொட்டன.