பிரேக் இன்ஸ்பெக்டரின் பென்சில்

நான் எதைச் சொன்னாலும் அதை நான்கால் வகுத்துத்தான் என் மனைவி காதில் வாங்குவாள். நாற்பது பேர் வந்தார்கள் என்றால் பத்துப் பேர். பாம்பு என்றால் கயிறு. முப்பத்தோரு வருஷம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்தியவன் நான். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்றபின் எனக்கு வேலை போயிற்று, அவளுக்கு வகுத்தல் வேலை கூடிற்று. இந்தக் கதையை மட்டும் அவள் வகுக்கவில்லை. ஒரு தடவை முழுக்கக் கேட்டாள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

கிடங்குச் சாலைக்கு நாங்கள் குடிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே பஞ்சர் கடை, மேலே எங்கள் இரண்டு அறை. சாமான் வண்டி போனதும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நூல் பிடித்ததுபோல் இரண்டு கிலோமீட்டர் நேர்சாலை. இரு பக்கமும் ஷட்டர் இறக்கிய கிடங்குகள். உருகும் தாரின் வாடை. அதற்கடியில், சாலைக் கோடியிலிருந்த குளிர்பதனக் கிடங்கிலிருந்து அழுகிய உருளைக்கிழங்கின் வாடை. அந்தக் கிடங்கின் மதிலுக்கு முன்னால் சாலை சட்டென்று வலப்பக்கம் மடங்கியது. அந்த மடக்கை எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று மணிக்கு ஜன்னல் கண்ணாடி நடுங்கிற்று. பஞ்சர் கடை வாசலில் இரண்டு கார்கள் ஜோடியாக நின்று உறுமின. சுற்றிலும் நாற்பது பேர். (சரி, பத்து.) யாரோ துண்டை வீச, இரண்டும் பாய்ந்தன. திரும்பி வந்த காரிலிருந்து இறங்கியது என் தம்பி மகள்.

வீட்டில் அவளுக்கு சுண்டெலி என்று பெயர். இருபத்துமூன்று வயது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. என் தம்பி மகள் என்பதற்காகவே லைசென்ஸ் தேர்வில் அவளை இரண்டு தடவை ஃபெயில் போட்டவன் நான். அந்தக் கோபத்தில் ஆறு மாதம் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடாமல் "ஆபீஸர்" என்றாள். பிள்ளை இல்லாத எங்கள் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அவள் சத்தம்தான்.

"உங்க அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நான் எப்படி முழுசா நிப்பேன்?"

"எதுக்கும்மா இந்த வேலை?"

சாவியை விரலில் சுழற்றினாள். "காலைலேர்ந்து அடுத்தவங்க கையைப் பிடிச்சு மெல்ல மெல்லன்னு ஊசி குத்துறேன். வீட்டுக்கு வந்தா ஏன் லேட்டுன்னு நிக்க வெச்சுக் கேள்வி. சிக்னல்ல நில்லு, க்யூவுல நில்லு. இங்க ரெண்டு கிலோமீட்டர், பெரியப்பா. யாரும் என்னை நில்லுன்னு சொல்ல மாட்டாங்க."

"கடைசில அந்தச் செவுரு சொல்லும்."

"அதுக்குள்ள திரும்பிடுவோம்ல," என்றாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா வேற ரோடு பாத்துப்போம். அங்க நீங்ககூட இருக்க மாட்டீங்க."

போலீஸுக்குச் சொன்னேன். ஜீப் வந்தது, கூட்டம் கலைந்தது, ஜீப் போனது, கூட்டம் கூடிற்று. அப்போதுதான் என் கையில் இருந்த ஒரே சரக்கை எடுத்தேன். பொய்.

முதலில் வழக்கமான பேயையே இறக்கினேன். மடக்கில் வெள்ளைச் சேலை, லிஃப்ட் கேட்கும் பெண். சுண்டெலியோடு போட்டி போடும் ஒட்டடை என்பவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒட்டடைக்கம்பு உயரம், செல்போன் கடையில் வேலை. "தாத்தா, அவங்க இப்பல்லாம் லிஃப்ட் கேக்கறதில்ல. போன்ல வண்டி புக் பண்ணிடறாங்க."

ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் யோசித்து, என் தொழிலிலிருந்தே ஒரு பேயைச் செய்தேன்.

தேர்வில் நான் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலமாக ஒரு பென்சில். எதிர்பாராத நேரத்தில் டாஷ்போர்டில் இரண்டு தட்டு. டக், டக். உடனே பிரேக் போட்டு நிற்க வேண்டும். நின்றால் நீலத்தில் பாஸ், நிற்காவிட்டால் சிவப்பில் ஃபெயில். இதை வைத்துக்கொண்டு பஞ்சர் கடைக்காரரிடம் ரகசியம் மாதிரி சொன்னேன். அவரிடம் ரகசியம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று.

"இந்த ரோட்டுல டெஸ்ட் எடுக்கும்போதே செத்துப்போன இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருக்காரு. வேகமா போனா பக்கத்து ஸீட்ல வந்து உக்காருவாரு. ரெண்டு தட்டு தட்டுவாரு. நின்னுட்டா பொழைச்ச. நிக்கலேன்னா மூணாவது தட்டு கேக்கும்."

"கேட்டா?"

"கேட்டவன் எவனும் வந்து சொல்லலையே."

என் வாழ்நாளிலேயே சிறந்த பொய் அது. முழுப் பொய்யும் இல்லை. இரண்டு தட்டுக்கு நிற்காத ஒருவனை எனக்குத் தெரியும்.

பதினோரு வருஷம் முன்னால், பதினெட்டு வயதுப் பையன். ஸ்டியரிங்கைப் பிடிக்காத நேரமெல்லாம் நகம் கடிப்பான். தட்டினேன், நிற்கவில்லை. "மறுபடியும் ஒரு தடவை பாக்கலாம் தம்பி," என்றேன். மூன்று தடவை தட்டினேன். மூன்று தடவையும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஏனப்பா என்று கேட்டால், "நீங்க தட்டுறது தாளம் மாதிரி இருக்கு ஸார். நிறுத்த மனசு வரல," என்றான். நான் சிரித்துவிட்டேன். சிரிக்க வைத்தவனுக்குச் சிவப்பில் எழுத எனக்குக் கை வராது. நீலத்தில் போட்டேன்.

நான்காம் மாதம் பேப்பரில் அவன் படம் வந்தது. இந்தச் சாலை. இந்த மடக்கு. இதை அதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

என் பேய் வேலை செய்தது. அது போதாதா, ஊரெல்லாம் அதைப் பார்க்க வந்துவிட்டது. மறு ஞாயிறு பத்து நாற்பதாயிற்று. அதற்கடுத்த ஞாயிறு நாற்பது நூறாயிற்று. இதை வகுக்க வேண்டாம், ஜன்னலிலிருந்து எண்ணினேன். பந்தயத்துக்கே "மூணு தட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதிலுக்கு முன்னால் எவன் கடைசியாக பிரேக் போடுகிறானோ அவன் ஜெயித்தான். முன்னதாகப் போட்டவனைப் பார்த்து, "என்னடா, தட்டு கேட்டுடுச்சா?" என்று ஊளையிட்டார்கள். பயமுறுத்தி விரட்டப் பார்த்தேன். பயத்துக்குத்தான் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு அறுபத்துமூன்று வயது வரை தெரியவில்லை.

பிரேக் போட்ட அடையாளங்கள் வாரத்துக்கு வாரம் மதிலை நெருங்கின. அதில் ஒரு ஜோடி சுண்டெலியின் டயர்.

மூன்றாம் ஞாயிறு பென்சிலைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன். புறப்பட நின்ற அவள் காரின் கதவைத் திறந்து பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தேன். ஒட்டடையின் கார் பக்கத்தில், ஜன்னல் இறக்கியபடி உறுமிக்கொண்டிருந்தது.

"இறங்குங்க பெரியப்பா. விளையாடாதீங்க."

"அந்தப் பேயைக் கட்டிவிட்டது நான்தாம்மா. மூணாவது தட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எல்லாம் பொய். வீட்டுக்குப் போலாம்."

என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கத்தினாள். "டேய் ஒட்டடை, பேய் பொய்யாம்டா. பெரியப்பா விட்ட ரீலாம்."

"அப்ப பயமே இல்ல," என்றான் அவன்.

துண்டு விழுந்தது.

கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அதைப் பிடித்துக்கொள்வதா, அவள் கையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. ஷட்டர்கள் ஒரே தகரமாக ஓடின. வெயில் கண்ணாடியில் கொதித்தது. "நிறுத்தும்மா," என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஒட்டடையின் கார் அரை வண்டி முந்தியது. அழுகிய உருளைக்கிழங்கின் வாடை உள்ளே வந்தது.

பென்சிலை எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.

பின் ஸீட்டில் யாரோ நகம் கடித்தார்கள்.

பின் ஸீட்டில் யாரும் இல்லை என்பதை ஏறும்போதே பார்த்திருந்தேன். இருந்தாலும் காது சொன்னது. கடுக். கொஞ்சம் விட்டு, கடுக்.

டாஷ்போர்டில் ஒரு வாரத் தூசி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு புள்ளி விழுந்தது.

டக்.

பக்கத்தில் இன்னொன்று.

டக்.

பென்சில் என் பைக்குள், என் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

என் காது மடலில் சில்லென்று மூச்சு பட்டது. "தாளம் எப்படி, ஸார்?"

சுண்டெலி பிரேக்கை மிதித்தாள். கார் கதறிக்கொண்டு சாலையை நக்கி, குறுக்கே திரும்பி, நின்றது. ரப்பர் கருகிய புகை. அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்தன. என்ஜின் அணைந்துவிட்டது. எங்கும் சத்தம் இல்லை. ஒட்டடையின் கார் மட்டும் தூரத்தில், நேராக, மதிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் டாஷ்போர்டில் மூன்றாவது புள்ளி விழுந்தது.

டக்.

அதன்பிறகுதான் மதிலிலிருந்து சத்தம் வந்தது.

ஓடினேன் என்று சொல்லலாம். இந்த முழங்காலோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. கார் பாதியாகியிருந்தது. ஒட்டடைக்கு இன்னும் கண் திறந்திருந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"கேட்டுச்சு தாத்தா," என்றான். "ரெண்டும் நல்லா கேட்டுச்சு. பிரேக்ல காலை வெச்சேன்." வாயில் ரத்தம் நுரைத்தது. "பொய்னு சொன்னீங்களேன்னு எடுத்துட்டேன்."

அதற்குமேல் அவன் பேசவில்லை.

சாலையோரம் சுண்டெலி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்க தட்டினதாலதான் நின்னேன். நீங்கதான தட்டினீங்க, பெரியப்பா?"

"ஆமாம்மா," என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் ருசியில்லாத பொய் அது ஒன்றுதான்.

அவள் இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். கிடங்குச் சாலையில் ஒன்பது வேகத்தடை போட்டுவிட்டார்கள். ஒட்டகம் மாதிரி மேடுகள். சைக்கிளில் போனால்கூடப் பல் ஆடுகிறது. அதோடு பந்தயம் செத்தது. நான் வியர்வை சிந்திச் செய்த பேயால் முடியாததை ஒன்பது மேடு முடித்துவிட்டது. பேய் என்றால் பார்க்க நூறு பேர் வருவார்கள். மேட்டைப் பார்க்க எவன் வருவான்? இதைப் பதினோரு வருஷம் முன்னால் நான் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கலாம். நீலத்திலேயே எழுதியிருக்கலாம்.

பென்சிலை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அது தட்டுகிறது. டக், டக். நான் நின்றுவிடுவேன். வாய்க்குப் போன டம்ளர் வழியில் நிற்கும். மென்ற வாய் மென்றபடி நிற்கும். என் மனைவியும் துடைப்பத்தோடு அப்படியே நிற்பாள், அவளுக்கும் கேட்கிறது. ஒரு நிமிஷம் கழித்து இரண்டு பேரும் மூச்சு விடுவோம். மூன்றாவது இதுவரை வரவில்லை.

போன ஞாயிறும் தட்டிற்று. எல்லாவற்றையும் நிறுத்தினேன். கையை, கண்ணை, மூச்சைக்கூட. அந்த அமைதியில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. டக், டக். டக், டக்.

இழுப்பறைக்குள் நகம் கடிக்கும் சத்தம் நின்றது.

"இன்னும் ஒண்ணு நிக்கலையே, ஸார்," என்றது குரல், ரொம்ப மரியாதையாக. "பரவால்ல. மறுபடியும் ஒரு தடவை பாக்கலாம்."