பழைய ஸ்டோரில் பெற்றீசியா

திங்கட்கிழமை காலை விறகு பொறுக்கப் போன காளியாயி, டயகமப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையின், அந்த ஸ்டோரின், கதவை இழுத்துத் திறந்தாள். கதவோடு சேர்ந்து ஒரு பெண்ணின் கையும் வெளியே வந்து விழுந்தது.

இறந்தவள் பெற்றீசியா. தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை. புது ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஜோர்ஜின் மனைவி.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் ஞானரட்ணம் இன்ஸ்பெக்டர் நல்லமுத்துவோடு உள்ளே போனார். இடது சுவரோரம் மாடிப்படி. வலப்பக்கம் தேயிலை காயவைத்த பெரிய அடுப்பு, துருவேறிக் கிடந்தது. மேலே பலகைத் தளத்தில் ஒரு பொத்தல். அதன் நேர்கீழே இரத்தம். அங்கிருந்து கதவு வரை இழுபட்ட தடம். கால் எலும்பு முறிந்திருந்தது. நகங்கள் பிய்ந்திருந்தன. கதவின் உட்புறமெல்லாம் கீறல்.

"கதவு எப்படி இருந்துச்சு, காளியாயி?" என்று வாசலில் நின்றவளிடம் கேட்டார் ஞானரட்ணம்.

"வெளிய தாப்பா போட்டிருந்துச்சுங்கய்யா. கல்லால தட்டித்தான் தொறந்தேன்."

"விழுந்து கெடந்தது தெரியாம எவனாச்சும் சாத்தியிருப்பான்" என்றார் நல்லமுத்து.

"இந்த ஒடம்பு ஒரு ராத்திரிக்கு மேல உயிரோட இருந்திருக்கு சார். கூப்பிடாமலா இருந்திருப்பாங்க?" என்றார் ஞானரட்ணம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து கதவின் கீறல்களைப் பார்த்தார்.

சாவுச் செய்தியோடு டீமேக்கரின் வீட்டுக்கு முதலில் போனவர்கள் இவர்கள்தான். பெற்றீசியாவின் தங்கை ஜோசப்பின் கேட்டதும் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஜோர்ஜ் நின்றபடியே நின்றான்.

"பழைய ஸ்டோர் மாடியிலருந்து விழுந்துட்டாங்க" என்றார் நல்லமுத்து. "ரெண்டு நாளா காணோமே, நீங்க தேடலியா?"

"சனிக்கிழமை அட்டன் கொன்வெண்டுக்குப் போறேன்னு சொன்னா" என்றான் ஜோர்ஜ்.

சுவரில் பெற்றீசியா போட்ட படம் ஒன்று தொங்கியது. தோட்டத் துரையின் பங்களாவில் கழித்துப்போட்ட லினோலியத் தரைவிரிப்பில் கத்தியால் செதுக்கி, மை பூசி, காகிதத்தைப் போட்டுக் கரண்டி முதுகால் அழுத்தி எடுத்த அச்சு. அவள் அச்சிட்டதெல்லாம் அந்தப் பாழடைந்த ஸ்டோர்தான்: அறுந்த இயந்திரப் பட்டி, நின்றுபோன சக்கரம், உடைந்த கண்ணாடி. இந்தப் படத்தில் வலப்பக்கம் மாடிப்படி. இடப்பக்கம் அடுப்பு வாயைப் பிளந்து நின்றது.

"அந்த ஸ்டோருக்கு நீங்க போனதுண்டா?" என்று கேட்டார் ஞானரட்ணம்.

"நான் இந்தத் தோட்டத்துக்கு வர்றதுக்கு முந்தியே மூடிட்டாங்க. காலே வெச்சதில்ல."

"சம்சாரம் ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

"அதப்பத்தி எங்கிட்ட வாயே தொறக்க மாட்டா. இந்தப் படத்துல பாத்ததுதான்."

"எப்படி விழுந்திருப்பாங்க?"

"இடது பக்கத்துப் படியில ஏறியிருப்பா. மேல பலகையெல்லாம் உளுத்திருக்கும்."

ஞானரட்ணம் மேசையில் கிடந்த செதுக்கிய லினோலியத்தை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கண்ணுல பட்டபடியே செதுக்கியிருக்காங்க. இதுல படி இடப்பக்கம். காகிதத்துல அச்சு விழுந்ததும் எல்லாம் இடம் வலமா மாறிப்போகும். படத்துல பாருங்க, டீமேக்கர். படி எந்தப் பக்கம்?"

ஜோர்ஜ் படத்தைப் பார்த்தான்.

"படத்தை மட்டும் பாத்தவன் வலதுன்னுதான் சொல்வான். இடதுன்னு சொல்ல, உள்ள போயிருக்கணும்" என்றார் ஞானரட்ணம்.

ஜோர்ஜ் பேசினான். "அவ எவனையோ பாக்கப் போறாள்னு நெனச்சு, பின்னாடியே போனேன். எவனுமில்ல. மேல தனியா ஒக்காந்து பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வரைஞ்சுக்கிட்டிருந்தா. என் வீட்டுல ஒரு நாளும் அப்படி இருந்ததில்லங்க. எவனாச்சும் இருந்திருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். என்னக் கண்டதும் பாட்ட நிறுத்திட்டா. தள்ளிட்டேன்."

"அப்புறம்?"

"கீழ கெடந்து என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. தாப்பாளப் போட்டுட்டு வந்துட்டேன்."

நல்லமுத்து அவன் தோளில் கை வைத்து வெளியே நடத்திப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஞானரட்ணம் ஜோசப்பின் பக்கம் குனிந்தார். அவள் அழவில்லை.

"சனிக்கிழமை பொழுதுபட்டு வந்தாரு" என்றாள். "அக்கா எங்க அத்தான்னு கேட்டேன். கொன்வெண்ட்ல தங்கிட்டாள்னாரு. ஒக்காந்து சாப்பிட்டாரு. கொழம்பு நல்லாருக்குன்னு இன்னொரு அகப்பை சோறு கேட்டாரு, ஐயா. நான்தான் போட்டேன்."