வடிவு சொன்ன தப்புச் சேதி

காலையிலிருந்து வடிவின் வீட்டில் யாரும் சரியாக இல்லை.

நைனா ராஜவேலு பட்டுத் தறியில் போய் உட்காருவார். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை ஒரு தடவைகூடத் தள்ளாமல் எழுந்துவிடுவார். அப்பாவை வடிவு நைனா என்றுதான் கூப்பிடுவாள். தறியை விட்டு எழுந்தவர் நேராகக் கிணற்றடிக்குப் போவார். ஒரு வாளித் தண்ணீர் இறைப்பார். அதைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றுவார்.

"நைனா, எதுக்கு இறைச்ச தண்ணியைத் திரும்பக் கிணத்துல ஊத்துறீங்க?" என்று கேட்டாள் வடிவு.

ராஜவேலு கையிலிருந்த வாளியைப் பார்த்தார். "தெரியலைம்மா" என்றார்.

வடிவின் அம்மா இந்திராணிக்கு அன்று குழந்தை பிறக்கப் போகிறது. வடிவுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரும் முதல் குழந்தை இதுதான்.

பட்டம்மாள் அத்தை தாமல் கிராமத்திலிருந்து வந்து பதினைந்து நாளாகிறது. நைனாவின் அக்கா அவள். பிறக்கப் போவது பையன்தான் என்று அவள் வந்த அன்றே முடிவு செய்துவிட்டாள். அம்மா புளிப்பாக ஏதாவது கேட்டால், "பையன் கேக்கறான்" என்பாள். இனிப்பு கேட்டாலும், "பையன் கேக்கறான்" என்பாள். ஒன்றுமே வேண்டாம் என்று அம்மா படுத்துக்கொண்டால், "பையனுக்கு ரோஷத்தைப் பாரு!" என்பாள்.

பித்தளைத் தட்டு நிறையக் கற்கண்டு தயாராக இருந்தது. குழந்தை பிறந்ததும் அதைத் தெருவெல்லாம் கொடுத்துச் சேதி சொல்லவேண்டியது வடிவின் வேலை.

"பொண்ணா இருந்தா, அத்தை?"

"பொண்ணா இருந்தா கற்கண்டை எடுத்து டப்பாவுல கொட்டிட வேண்டியதுதான்."

"ஏன்?"

"ஏன்னா இன்னா அர்த்தம்? அதான் வழக்கம்."

வடிவு தட்டைப் பார்த்தாள். இவ்வளவு கற்கண்டும் டப்பாவுக்குப் போவதா? ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

உள் அறையில் அம்மாவுக்குத் துணையாக மருத்துவச்சி அன்னம்மாள் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கற்றவள். அவள் ஒரு கறுப்புத் தோல் பையோடு வந்திருந்தாள். "தோல் பையெல்லாம் பிரசவ அறைக்குள்ள வரக்கூடாது" என்று அதைப் பிடுங்கி நடையில் ஒரு மூலையில் வைத்தவள் பட்டம்மாள் அத்தை. வைத்தது மட்டுமல்ல, அதன்மேல் ஒரு கூடையையும் கவிழ்த்து மூடினாள்.

அத்தையும் வடிவும் அறைக் கதவில் ஆளுக்கொரு காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

திடீரென்று உள்ளே "குவா" என்று ஓர் அழுகை கேட்டது. அதற்குப் பின்னாலேயே அன்னம்மாளின் குரல் வந்தது.

"பைய! பைய!"

"கேட்டியா? பையன்!" என்று அத்தை கையைத் தட்டினாள். "நான்தான் சொன்னேனே! ஓடு, வடிவு!"

வடிவு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த நாளில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வேகமாகப் போவதென்றால் குதிரை வண்டிதான். அன்று அதைவிட வேகமாக வடிவு போனாள்.

முதலில் பக்கத்து வீட்டுக் குப்புசாமி. அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை சிவப்பாக நின்றார்.

"எனக்குத் தம்பி பிறந்திருக்கான்!"

"அடி சக்கை! என் கையைப் பாரு, எப்படி வாங்கறது? வாயில போடும்மா" என்று குப்புசாமி வாயைத் திறந்தார். வடிவு எட்டிக் குதித்து ஒரு கற்கண்டை எறிந்தாள். அது மூக்கில் பட்டு, அப்புறம் வாய்க்குள் விழுந்தது.

அடுத்தது முனிரத்தினத்தின் மளிகைக் கடை. "பையனா? சபாஷ்!" என்றார் அவர். நல்ல சேதி கொண்டுவந்தவளுக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் கொடுத்தார்.

தெருமுனையில் நாயனக்காரர் காசிநாதன் வீடு. கோயிலில் நாயனம் வாசிப்பவர் அவர். "அப்படியா? பதினாறாம் நாள் தொட்டில்ல போடுவாங்க இல்லே? நானே வந்து வாசிக்கிறேன்னு உங்க நைனாகிட்ட சொல்லு" என்றார்.

கடைசியாக, வாலாஜாபாத்துக்குப் போகிற மாட்டுவண்டிக்காரர் ஒருவரை வடிவு நிறுத்தினாள். "வழியில ஐயம்பேட்டையில எங்க மாமா இருக்காரு. கோதண்டபாணின்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். அவரு தங்கச்சிக்குப் பையன் பிறந்திருக்குதுன்னு சொல்லிடுங்க." அவருக்கும் கற்கண்டு. மாட்டுக்கும் ஒன்று.

காலித் தட்டோடு வடிவு வீட்டுக்குள் நுழைந்தாள். நடையில் அன்னம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். பட்டம்மாள் அத்தை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பைய எடுத்துக்கினு வாங்க, பைய எடுத்துக்கினு வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். கத்திரிக்கோல், நூல் எல்லாம் அதுலதானே இருக்குது? ஒருத்தரும் வரலை. நானே வந்து தேடினா, பைமேல கூடை!" என்றாள் அன்னம்மாள்.

"பை...யா?" என்றாள் வடிவு.

"பைதான்."

"அப்போ பையன்?"

"எந்தப் பையன்? உனக்குத் தங்கச்சி பிறந்திருக்குது. அழகா, கொழுகொழுன்னு."

வடிவு காலித் தட்டைப் பார்த்தாள். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஐயம்பேட்டைக்கும் சேதி போய்க்கொண்டிருக்கிறது. மாட்டுக்குக்கூடத் தெரியும்.

நைனா வாளியோடு உள்ளே வந்தார். யார் யாரிடம் என்ன சொன்னோம் என்று வடிவு ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது, கவலையும் இருந்தது. "காசிநாதன் மேளம் வாசிக்கிறேன்னாரா? ஊர் சிரிக்கும்மா. ஓடிப்போய் மேளம் வேணாம்னு சொல்லிடு."

"கோதண்டபாணி வேற வருவான். அவன் கோபம் தெரியும் இல்லே?" என்றாள் அத்தை. மாமாவுக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

வடிவு முதலில் உள் அறைக்குப் போனாள். அம்மா களைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணிக்குள் சின்னதாக ஒரு முகம். வடிவு விரலை நீட்டினாள். பாப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, நான் பிறந்தப்போ கற்கண்டு கொடுத்தாங்களா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கொடுக்கலாம்னு நைனா வாங்கித்தான் வச்சாரு. வழக்கம் இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் அதுல எறும்பு வந்துடுச்சு."

"என் கற்கண்டை எறும்பா தின்னுச்சு?"

"ஆமாம்மா."

வடிவு விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "நான் போய்ச் சேதியைச் சரியாச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

குப்புசாமிக்கு இப்போது கை பச்சையாக இருந்தது. வேறு சாயம்.

"மாமா, தப்பாச் சொல்லிட்டேன். தம்பி இல்லை, தங்கச்சி."

"அட! கற்கண்டைத் தின்னுட்டேனே?"

"இனிப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்போ சரி. அது தங்கச்சிக்காகத் தின்னது" என்று சொல்லிவிட்டு வடிவு நடந்தாள். குப்புசாமி சிரித்ததில் பச்சைச் சாயம் நாலு பக்கமும் தெறித்தது.

மளிகைக்கடை முனிரத்தினம் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "பொண்ணா? அப்போ அந்தப் பேரீச்சம்பழத்தைத் திருப்பிக் கொடு."

வடிவு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஐந்து கொட்டைகள் இருந்தன.

"வழியிலேயே தின்னுட்டேன். கொட்டை எல்லாம் பத்திரமா இருக்குது. எண்ணிப் பாருங்க."

கடையில் சாமான் வாங்க வந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி, "நாங்களும் பொண்ணாப் பிறந்துதான் உங்க கடைக்கு வரோம், பார்த்துக்கோங்க" என்றாள். முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். பிறகு வடிவுக்கு இன்னொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

காசிநாதன் வீட்டுக்கு வந்ததும் வடிவின் நடை மெதுவானது. மேளம் வேண்டாம் என்று நைனா சொல்லச் சொல்லியிருக்கிறார். காசிநாதன் நாயனத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்குப் பிறந்தது தங்கச்சி."

"ஓ" என்றார் காசிநாதன். துடைப்பதை நிறுத்தினார். "பொண்ணு பிறந்தா மேளம் வைக்கிற வழக்கம் இல்லையேம்மா."

"நாயனத்துல பையனுக்கு ஒரு ராகம், பொண்ணுக்கு ஒரு ராகம்னு இருக்குதா?"

"அதெல்லாம் கிடையாது."

"பொண்ணுன்னா ஓட்டையை விரல் மூடாதா?"

"மூடும், மூடும்."

வடிவு யோசித்தாள். "தினமும் காமாட்சியம்மன் கோயில்ல யாருக்கு வாசிக்கிறீங்க?"

"இதென்ன கேள்வி? அம்மனுக்குத்தான்."

"அம்மன் பொண்ணுதானே?"

காசிநாதன் நாயனத்தைப் பார்த்தார். கோயில் இருக்கும் பக்கம் பார்த்தார். வடிவைப் பார்த்தார்.  கடைசியில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பதினாறாம் நாள் காலையில வரேன். போ!"

சாயங்காலம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. கோதண்டபாணி மாமா இறங்கினார். பெரிய மீசை. ஒரு கையில் பலாப்பழம், இன்னொரு கையில் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண்.

"எங்கே பையன்?" என்று அவர் கேட்டதில் தறியில் இருந்த பட்டு இழைகள் எல்லாம் அதிர்ந்தன.

நைனா கூரையைப் பார்த்தார். அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் புடவைத் தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

ஒளிந்துகொள்ள வடிவுக்கும் ஆசைதான். ஆனாலும் முன்னால் வந்து நின்றாள். "மாமா, நான்தான் தப்பாச் சொல்லி அனுப்பிட்டேன். யாரையும் திட்டாதீங்க. பையன் இல்லை, பொண்ணு."

மாமாவின் கண் பெரிதானது. "பொண்ணா?"

"ஆமாம்."

"நிஜமாவா? நல்லாப் பார்த்தீங்களா?"

"அன்னம்மா பார்த்தாங்க. அவங்க ஆஸ்பத்திரியில வேலை கத்தவங்க."

மாமா பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அழாதீங்க, மாமா" என்றாள் வடிவு பயந்துபோய்.

"சந்தோஷம்மா! எங்க வீட்டுல அஞ்சும் பசங்க. உனக்குத்தான் தெரியுமே. நேத்து ரெண்டு பேர் கூரைமேல ஏறி ஓட்டைப் பிரிச்சிட்டானுங்க. ஒருத்தன் எருமை மேல உக்காந்துக்கினு ஏரிக்குள்ள போயிட்டான். நாலாவது என் செருப்பைக் கிணத்துல போட்டான். கடைசி ஒண்ணு, நான் தூங்கும்போது மீசையைக் கத்தரிக்கப் பார்த்துச்சு! பையன்னு சேதி வந்ததும், ஐயோ, என் தங்கச்சிக்கும் இதே கதியான்னு வழியெல்லாம் புலம்பிக்கினே வந்தேன்."

கதவுக்குப் பின்னால் அத்தை கிளுக்கென்று சிரித்துவிட்டாள்.

மாமா எழுந்து உள்ளே போனார். கதவருகே நின்று பாப்பாவைப் பார்த்தார். குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "எவ்வளவு அமைதியா இருக்குது பாரு!" என்றார். அந்தக் குரலுக்கே பாப்பா விழித்துக்கொண்டு வீறிட்டது.

வெளியே வந்ததும், "மாப்பிள்ளே, பதினாறாம் நாள் மேளம் உண்டில்லே?" என்று கேட்டார்.

"அது... வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேனே" என்று நைனா இழுத்தார்.

"நீங்க சொல்லச் சொன்னீங்க, நைனா. நான் சொல்லலை" என்றாள் வடிவு.

நைனா அவளைப் பார்த்தார்.  பிறகு அவள் தலையில் கைவைத்து, "நல்ல வேலை செஞ்சே" என்றார்.

பதினாறாம் நாள் காசிநாதன் வந்தார், கூட இரண்டு தவில்காரர்கள். தெருவில் அத்தனை தறியையும் விட்டு ஜனங்கள் வந்து கூடினார்கள். முனிரத்தினம் கடையிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் கற்கண்டு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது பட்டம்மாள் அத்தைதான். "எங்க சூடாமணிக்கு மூக்கைப் பார்த்தீங்களா? அப்படியே என் மூக்கு!" என்று எல்லாரிடமும் சொன்னாள். குழந்தைக்குச் சூடாமணி என்று அம்மா பெயர் வைத்திருந்தாள்.

அவ்வளவு சத்தத்திலும் சூடாமணி தொட்டிலில் நன்றாகத் தூங்கினாள். வடிவுதான் ஆட்டிக்கொண்டிருந்தாள். யார் கேட்டும் கயிற்றை விடவில்லை.

அதற்கு அடுத்த மாதம் குப்புசாமி வீட்டில் ஒரு பெண் பிறந்தது. காசிநாதன் போய் வாசித்தார். அதற்கும் அடுத்த மாதம் பின்தெருவில் ஒரு வீட்டில் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். காசிநாதன் நாயனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக வடிவிடம் வந்தார்.

"நீயே சொல்லும்மா. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேளம் போதுமில்லே?"

வடிவு சூடாமணியை மடியில் சரியாகப் படுக்கவைத்துக்கொண்டாள்.

"அதெப்படி, மாமா? ரெண்டு குழந்தைக்கு ரெண்டு மேளம்" என்றாள்.