மழைநாளில் வந்த சுடுதண்ணீர்

வெயிலைக் கண்டு ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் சிவலட்சுமி கைகழுவக் குழாயைத் திறந்தபோது சுடுதண்ணீர் வந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி மெல்ல நீட்டினாள். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோன்ற சூடு. வெளியே மார்கழி மழை துணுக்காய் ஊரின் வயல்களை மூடிப் பெய்துகொண்டிருந்தது. நடுப்பகலிலேயே பிரசவ விடுதிக்குள் லாம்பு கொளுத்த வேண்டியிருந்தது.

"கணபதி அண்ணை, மேலை தண்ணித் தாங்கிக்குக் கீழை நெருப்பு ஏதும் மூட்டினீங்களோ?"

காவலாளி கணபதி வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "இதென்ன கதை மிஸி? நெருப்பு வேண்டாம், வெயில் போதுமெண்டுதானே சபை இதைப் பூட்டினது."

உண்மைதான். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு, விறகும் மண்ணெண்ணெயும் எரிக்காமல் பொதுக் கட்டடங்களுக்குச் சுடுதண்ணீர் கொடுக்கவென்று பிரதேச சபைக்கு வெளிநாட்டு உதவி கிடைத்தது. முதல் வேலையாக இந்த விடுதியின் தட்டைக் கூரையில் கறுப்புக் கண்ணாடித் தகடுகளையும் பெரிய இரும்புத் தாங்கி ஒன்றையும் ஏற்றினார்கள். எல்லாரிலும் அதிகம் மகிழ்ந்தவள் மருத்துவிச்சி சிவலட்சுமிதான். ஒரு கையால் பிள்ளையை ஏந்திக்கொண்டு மறுகையால் ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவள் அவள்.

அன்று விடுதியில் ஒரேயொரு தாய். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த வீரம்மா. விடியும்போது பெண்குழந்தை பிறந்திருந்தது. சோறு எடுத்துவரப் போன புருஷன் வாய்க்கால் வெள்ளத்துக்கு அப்பால் அகப்பட்டுவிட்டான்.

"குளுருதுங்கம்மா," என்றாள் வீரம்மா.

சிவலட்சுமி இன்னொரு போர்வையை எடுத்துப் போர்த்தினாள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி, துணி சுற்றி அவளுடைய காலடியில் வைத்தாள். நிரப்பும்போது விரல் சுட்டது. சற்றுமுன் வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரில் இப்போது ஆவி பறந்தது.

"இன்னும் குளுருதுங்கம்மா. எலும்புக்குள்ள இருந்து உருவி எடுக்கிறமாதிரி இருக்கு."

வெப்பமானியை அவளுடைய கமக்கட்டில் வைத்து எடுத்துப் பார்த்தாள். இரசம் முதற் கோட்டுக்கே ஏறவில்லை. உதறிவிட்டு மறுபடி வைத்தாள். ஏறவில்லை. கருவிதான் பழுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். கிணற்றடிக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. விறாந்தைத் தகரத்தில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில், ஓடை வழியும் இரைச்சலுக்கும் அடியில், வீரம்மாவின் தலைமாட்டுச் சுவரோடு ஓடும் குழாய்க்குள், கன்றுக்குட்டி முட்டி முட்டிப் பால் குடிப்பதுபோன்ற ஈரமான, அவசரமில்லாத ஓசை. குழாய் எல்லாம் பூட்டித்தான் இருந்தது. தண்ணீர் எங்கும் ஓடவில்லை. நித்திரை கொள்பவரின் உடம்பிலிருந்து எழும் வியர்வை வாசம் அறை முழுக்கப் பரவியிருந்தது.

"அண்ணை, மேலை ஏறித் தாங்கித் தண்ணியைப் பூட்டிவிடுங்கோ."

"இந்த மழைக்கையோ?"

"ஓம் அண்ணை. கெதியாய்."

கணபதி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். ஏணி கிறீச்சிட்டது. கூரையில் காலடி நடந்து நின்றது.

சிவலட்சுமி குழாயில் கைவைத்தாள். சூடு. எடுக்க மனம் வராத சூடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய நகங்கள் வெளுத்தன. விரல்கள் மரத்தன. மரக்க மரக்கக் குழாயின் சூடு கூடியது.

கையைப் பிடுங்கினாள்.

புரிந்துவிட்டது. வெயில் இல்லை. நெருப்பும் இல்லை. எங்கிருந்தோ சூடு வந்துதானே ஆகவேண்டும்?

"எழும்பு வீரம்மா! வெளியாலை போவம்!"

"ஏங்கம்மா?"

"பிறகு சொல்லுறன். எழும்பு."

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாயை இடுப்பில் தாங்கி இழுத்தாள். வீரம்மாவின் உடம்பு விறகாகக் கனத்தது. வாசற்படி. விறாந்தை. சாரல் முகத்தில் அடித்தது. சுவரை விட்டு விலகி, கடைசித் தூணடியில் அவளை இருத்தி, குழந்தையை அவளுடைய மடியில் கிடத்தினாள். போர்வைக்குள் கைவிட்டு முதுகைத் தேய்த்தாள். தேய்த்தாள். மெல்ல, மிக மெல்ல, உதட்டில் நிறம் திரும்பியது. குழந்தை சிணுங்கியது, பிறகு வீறிட்டது. சிவலட்சுமிக்குக் கண் நிறைந்தது.

கணபதி இன்னும் இறங்கவில்லை.

"அண்ணை!"

மழை.

"கணபதி அண்ணை! விட்டிட்டு வாங்கோ!"

"நல்ல சூடு மிஸி," என்றது மேலிருந்து அவருடைய குரல். தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது. "நல்ல சூடு."

"போவாதீங்கம்மா," என்று வீரம்மா சேலையைப் பிடித்தாள்.

"அவர் மேலை தனிய நிக்கிறார். பாத்திட்டு வாறன். நீ சுவரிலை சாயாதை."

இரும்பு ஏணி ஈரமாக வழுக்கியது. ஒரு படி. இன்னொன்று. தலை கூரை விளிம்பைத் தாண்டியது.

தாங்கியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மழைத்துளிகள் அதன்மேல் விழுமுன்பே புகையாகின. கணபதி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தாயின் மடியில் பிள்ளை முகம் வைப்பதுபோல் கன்னத்தை அழுத்தியிருந்தார். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டியின் உட்சுவரில் மட்டுமே அவள் அதைக் கண்டிருக்கிறாள்.

உறைபனி.

உதடுகள் உறைந்து ஒட்டியிருந்தன.

"நல்ல சூடு மிஸி," என்றது தாங்கி.

அலற வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து வெள்ளை மூச்சு ஒன்று நீளமாக நெளிந்து தாங்கியை நோக்கிப் போனது.

இறங்கவேண்டும். கையை விடவேண்டும்.

விரல்கள் விரியவில்லை.

"புள்ள விடாம அழுவுதுங்கம்மா, எறங்கி வாங்க!" என்று கீழே எங்கோ வீரம்மா கத்தினாள். 

சிவலட்சுமியின் உள்ளங்கைக்குள், மழையில் நனைந்த ஏணிக் கம்பி, மெல்லச் சூடேறத் தொடங்கியது.